ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் பக்கத்தைத் திருப்புகிறோம்

கேள்வி இதுதான்: "'ப்ளேம்!' என்ற மங்காவின், அதாவது ஜப்பானியக் காமிக்ஸின், முதல் தொகுதியை வாசித்தேன். ஒருத்தன் நடக்கிறான், சுடுகிறான், மறுபடி நடக்கிறான். அவன் யார், எந்தக் காலம், எதற்காக நடக்கிறான், ஒன்றுமே சொல்லவில்லை. அத்தோடு மூடி வைத்துவிட்டேன். இப்படித் தலைகால் புரியாத அறிவியல் புனைகதை காமிக்ஸை ஏன் இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள்? உண்மையிலேயே பிடிக்கிறதா, இல்லை புரிந்த மாதிரி நடிக்கிறார்களா?"

நடிப்பவர்களும் இருக்கிறார்கள். அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நானே கொஞ்ச காலம் நடித்திருக்கிறேன். மோபியஸ் என்ற பிரெஞ்சு ஓவியரின் ஒரு தொகுப்பை வாசித்துவிட்டு "என்ன ஒரு ஆழம்" என்று சொல்லித் திரிந்தேன். எந்த ஆழம் என்று யாரும் திருப்பிக் கேட்காததால் தப்பித்தேன். பல வருடம் கழித்து, யாரிடமும் காட்டிக்கொள்ளும் அவசியம் இல்லாமல் அதே புத்தகத்தை எடுத்தபோது கீழே வைக்க மனம் வரவில்லை. அப்போதும் கதை முழுசாகப் புரிந்துவிடவில்லை. ஆனால் புரியாததைப் பார்த்துப் பதறுவது நின்றிருந்தது.

நீங்கள் மூடி வைத்த புத்தகத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். அதில் தலைப்பே ஒரு குழப்பம். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'ப்ளேம்', அதாவது பழி. ஜப்பானிய வாசிப்பில் அது 'ப்ளாம்': துப்பாக்கி வெடிக்கிற ஓசை. சுடோமு நிஹெய் 1997 முதல் 2003 வரை எழுதி வரைந்த கதை, மொத்தம் 10 தொகுதிகள். காமிக்ஸுக்கு வருவதற்கு முன்னால் அவர் கட்டுமானத் துறையில் வேலை பார்த்தவர். இந்த ஒரு தகவல் போதும், அந்தப் பக்கங்களில் பாதி விளங்கிவிடும்.

ஏதாவது ஒரு பெரிய படத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கண்ணில் படுவது ஒரு சுவர். சுவரில் குழாய்கள், குழாய்களுக்கு மேலே ஒரு பாலம், பாலத்துக்குப் பின்னால் இன்னொரு சுவர். அது எங்கே முடிகிறது என்று தெரியாமல் இருட்டில் கரைந்துபோகிறது. சரி, ஏதோ தொழிற்சாலை என்று நினைக்கிறோம். அப்புறம்தான் ஓர் ஓரத்தில் எறும்பு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி தெரிகிறது. அதற்குக் கால் இருக்கிறது. அதுதான் நாயகன் கில்லி. அந்தப் புள்ளி மனிதன் என்று தெரிந்த நொடியில் மொத்தப் படமும் சடாரென்று வீங்குகிறது. கை பருமன் என்று நினைத்த குழாய் பல மாடிக் கட்டடத்தின் உயரம் ஆகிறது, பாலம் ஒரு நாள் நடை ஆகிறது. இந்த வீக்கம் நடப்பது நம் கண்ணுக்குள்தான், காகிதத்தில் எதுவும் அசையவில்லை. வசனம் இல்லாத பத்துப் பக்கத்தில் இது நாலைந்து முறை நடந்தால் வயிற்றுக்குள் என்னவோ செய்யும். "ஒருத்தன் நடக்கிறான்" என்று நீங்கள் சொன்னது சரிதான். எவ்வளவு தூரம் நடக்கிறான் என்பதுதான் கதை.

அந்த உலகத்துக்கு ஒரு சட்டமும் இருக்கிறது. கதை தெரிந்தால் பரவாயில்லை என்பதால் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் மனிதர்கள் அந்த நகரத்தின் வலையமைப்போடு நேரடியாகப் பேசி அதற்குக் கட்டளையிட்டார்கள். அதற்கு ஒரு குறிப்பிட்ட மரபணு வேண்டும். அந்த மரபணு கெட்டுப்போனது. கட்டட இயந்திரங்களை நிறுத்தச் சொல்ல ஆளில்லை, அவை கட்டிக்கொண்டே போகின்றன. மரபணு இல்லாதவர்களை அத்துமீறி நுழைந்தவர்களாகக் கருதிக் கொல்லும் காவல் அமைப்பும் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டே இருக்கிறது. மரபணுவோ யாரிடமும் இல்லை. ஆக, தங்கள் சொந்த நகரத்திலேயே எல்லா மனிதர்களும் அத்துமீறிகள். மரபணு கெடாத யாராவது ஒருவர் மிஞ்சியிருக்கிறாரா என்று தேடித்தான் கில்லி நடக்கிறான். இயந்திரம் எதுவும் கெட்டுப்போகவில்லை, எதுவும் கலகம் செய்யவில்லை. கொடுத்த உத்தரவு சரியாக நிறைவேறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு இது ரோபோக்கள் மனிதனை எதிர்த்துக் கிளம்பும் கதைகளைவிடப் பல மடங்கு பயங்கரமாகப் படுகிறது.

இதையெல்லாம் முதல் பக்கத்திலேயே ஒரு பெட்டி கட்டி எழுதிப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட்டிருக்கலாம். ஆனால் அந்த நகரத்தின் ஏதோ ஒரு மூலையில் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வாழ்கிறவர்களுக்கே இது தெரியாது. அவர்களுக்குத் தெரியாததை நம் கையில் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் நாம் வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் ஆகிவிடுவோம்.

இது காமிக்ஸில்தான் இவ்வளவு சுலபமாக நடக்கிறது என்பது என் கட்சி. நாவலில் யாரும் பார்த்திராத ஒரு பொருள் வந்தால் எழுத்தாளர் அதற்கு ஒரு பெயர் வைத்தாக வேண்டும். பெயர் வைத்ததுமே அது பாதி பழகிவிடுகிறது. வர்ணிக்கப் போனால் நண்டு மாதிரி, குடை மாதிரி என்று தெரிந்த பொருள்களைத் துணைக்குக் கூப்பிட வேண்டியிருக்கும். சினிமாவில் காட்டலாம், ஆனால் மூன்று விநாடியில் நகர்ந்துவிடும். நமக்கு இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்றால் இயக்குநர் காத்திருக்க மாட்டார். வரைந்த பக்கத்தில் அந்தப் பொருள் பெயர் இல்லாமலே நிற்கும். நாம் விரும்புகிறவரைக்கும் நிற்கும். ஒரு காபிக் கோப்பையை வரைகிற அதே பேனா, அதே மசி, அதே கோடு அதையும் வரைந்திருப்பதால் கோப்பையை நம்புகிற மாதிரி அதையும் நம்பிவிடுகிறோம்.

இன்னொரு சங்கதி, இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளி. ஸ்காட் மெக்ளவுட் 1993இல் காமிக்ஸைப் பற்றியே காமிக்ஸாக ஒரு புத்தகம் வரைந்தார். அதில் ஒரு கட்டத்தில் ஒருவன் கோடரியை ஓங்குகிறான், அடுத்த கட்டத்தில் நகரத்தின் மேல் ஓர் அலறல். வெட்டு படத்தில் இல்லை. வெட்டியது வாசகர்தான் என்கிறார். சாதாரணக் கதையில் அந்த இடைவெளியை யோசிக்காமலே நிரப்பிவிடுகிறோம், ஏனென்றால் கோடரி எப்படி வேலை செய்யும் என்று நமக்குத் தெரியும். கோடரிக்குப் பதிலாக என்னவென்றே தெரியாத ஒரு கருவி, ஓங்கியவனுக்கு எத்தனை கை என்றும் தெரியாது என்றால்? அந்த உலகத்தின் விதிகளை ஊகித்துத்தான் இடைவெளியைத் தாண்ட முடியும். தப்பாக ஊகித்தால் நாலு பக்கம் கழித்து இடறும், திரும்பி வந்து மறுபடி ஊகிக்க வேண்டும். இந்த வகைக் காமிக்ஸ் கடினமாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த உழைப்புதான், தத்துவம் கித்துவம் எல்லாம் அப்புறம். பிடித்துப்போவதற்குக் காரணமும் இதேதான்.

இந்தப் பாதையைத் திறந்துவிட்டவர்கள் என்று பிரெஞ்சுக்காரர்கள் சிலரைச் சொல்ல வேண்டும். ஜான் ஜிரோ என்ற ஓவியர் 1963 முதல் 'ப்ளூபெரி' என்ற கௌபாய்த் தொடரை அச்சு அசலான யதார்த்தத்தோடு வரைந்துகொண்டிருந்தார். அதே மனிதர்தான் மோபியஸ் என்ற இன்னொரு பெயரில் வேறு ஆளாக மாறினார். அவரும் பிலிப் ட்ருயே, ஜான்-பியர் தியோனே முதலானவர்களும் சேர்ந்து 1974 கடைசியில் 'மெட்டால் உர்லான்' பத்திரிகையைத் தொடங்கினார்கள். அதில் 'அர்ஸாக்' வந்தது: ஆதிகாலப் பறவை போன்ற ஒன்றின் மேல் உட்கார்ந்து பறக்கிற ஒருவன், ஒரு சொல் வசனம் கிடையாது. தலைப்பின் எழுத்துக்கூட்டல்கூட ஒவ்வொரு அத்தியாயத்திலும் மாறிக்கொண்டே இருந்தது. வாசகர் பிடித்துக்கொள்ள இருந்த ஒரே ஒரு சொல்லையும் பிடுங்கிக்கொண்டார், குறும்புக்காரர். கதை என்றால் நுழைய வாசலும் வேடிக்கை பார்க்க ஜன்னலும் வைத்த வீடு மாதிரித்தான் இருக்க வேண்டுமா, யானை வடிவத்திலோ கோதுமை வயல் வடிவத்திலோ தீக்குச்சிச் சுடர் வடிவத்திலோ இருக்கக்கூடாதா என்று அந்தப் பத்திரிகையிலேயே கேட்டவர் அவர்.

அப்புறம் அவரும் அலெஹாந்த்ரோ ஹோடோரோவ்ஸ்கியும் சேர்ந்து செய்த 'இன்கல்'. எழுபதுகளின் நடுவில் ஹோடோரோவ்ஸ்கி எடுக்க முயன்ற பிரம்மாண்டமான விண்வெளிப் படம் பணம் கிடைக்காமல் நின்றுபோனது; அதற்காகச் சேர்த்து வைத்த வெறியில் பெரும்பகுதி இங்கே வந்து கொட்டியது. முதல் காட்சியில் ஜான் டிஃபூல் என்ற சில்லறைத் துப்பறிவாளன் ஒரு பாதாள நகரத்தின் நடுக் குழிக்குள் தலைகீழாக விழுந்துகொண்டிருக்கிறான். ஆறு தொகுதி கழித்து, 1988இல், கதை அதே விழுதலுக்குத் திரும்பி வந்து நிற்கிறது. என் அபிப்பிராயம்: முதல் இரண்டு தொகுதிகள் அபாரம், பின்பாதியில் ஞானோபதேசம் கொஞ்சம் தூக்கல். ஆனாலும் அந்த முதல் விழுதலுக்காகவே வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு மிக நெருக்கமானது இவை எதுவும் இல்லை. பெல்ஜிய ஓவியர் ஃப்ரான்ஸ்வா ஷுய்டனும் எழுத்தாளர் பெனுவா பீட்டர்ஸும் சேர்ந்து செய்த 'உர்பிகாந்தின் காய்ச்சல்', 1985இல் புத்தகமானது. உர்பிகாந்த் என்பது ஆற்றின் இரண்டு கரைகளில் இருக்கிற ஒரு நகரம். தென்கரை பளபளப்பு, வடகரை ஏழ்மை. நடுவில் பாலங்கள் உண்டு, ஆனால் இஷ்டத்துக்கு யாரும் கடக்க முடியாது. நகரத்தை வடிவமைக்கும் பொறுப்பில் இருக்கிற யூஜென் ரோபிக் என்ற மனிதருக்கு ஒரே கவலை: மூன்றாவது பாலம் கட்டாவிட்டால் நகரத்தின் சமச்சீர் கெட்டுவிடும். மேலிடம் அனுமதி தரவில்லை. மனிதர் புலம்பிக்கொண்டிருக்கும்போது, ஒரு கட்டட வேலையிடத்தில் கிடைத்ததென்று ஒரு சிறிய கனசதுரத்தைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைக்கிறார்கள். உள்ளே வெற்றிடம், வெறும் சட்டங்கள் மட்டும். என்ன உலோகம் என்று தெரியவில்லை, எதைக் கொண்டும் சேதப்படுத்த முடியவில்லை.

அது வளர ஆரம்பிக்கிறது. மூலைகளிலிருந்து குருத்து விடுகிற மாதிரி சட்டங்கள் நீள்கின்றன, பக்கத்தில் இன்னொரு கனசதுரம், அதன் பக்கத்தில் இன்னொன்று. மேசையைத் துளைத்துப் போகிறது, மேசைக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவரைத் துளைக்கிறது. மனித உடம்புக்குள் புகுந்து போகிறது, வலிகூட இல்லை. சில நாளில் அந்தச் சட்டகம் ஆற்றைத் தாண்டிவிடுகிறது. பாலம் கட்ட அனுமதி மறுத்த நகரத்தில் யாரும் கட்டாத ஆயிரம் பாலங்கள். ஜனங்கள் அதில் ஏறி நடக்கிறார்கள். தென்கரையும் வடகரையும் கலக்கின்றன. அதிகாரிகளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை, ஏனென்றால் சட்டகத்தை உடைக்கவும் முடியாது, தண்டிக்கவும் முடியாது. பிறகு அது மறுபடி வளர்ந்து, எட்டாத உயரத்துக்குப் போய், நகரத்தை விட்டே விலகிவிடுகிறது.

அந்தக் கனசதுரம் என்ன, யார் செய்தது, எதற்காக, கடைசிவரை பதில் கிடையாது. பதில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேற்றுக்கிரக வாசிகள் அனுப்பியது என்று ஒரு வரி போதும், கதை கனசதுரத்தைப் பற்றியதாகிவிடும். பதில் இல்லாததால் அது அந்த நகரத்தைப் பற்றிய கதையாக நிற்கிறது. ஒரு கட்டத்தில் ஷுய்டன் மேசையை வரைந்திருக்கிற கட்டடக்கலை வரைபட நேர்த்தியோடுதான் அடுத்த கட்டத்தில் அந்த மேசையைத் துளைத்த சட்டத்தையும் வரைந்திருக்கிறார். பதற்றமே இல்லாத கோடு. விசித்திரம் கதையில் இருக்கிறது, ஓவியம் அமைதியாக இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான சோதனையும் நடந்திருக்கிறது, அதுவும் ஒரே கதையை வைத்து. அர்ஜென்டினாவில் எக்தோர் ஹெர்மன் ஒஸ்தர்ஹெல்ட் எழுதிய 'எல் எதர்னவ்தா', 1957 முதல் 1959 வரை வாரத்தொடராக வந்தது. புவெனஸ் ஐரஸ் பக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் நாலு நண்பர்கள் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே திடீரென்று நிசப்தம். எட்டிப் பார்த்தால் மினுமினுக்கும் பனி விழுகிறது. பனி பட்டவர்கள் தெருவில் அப்படி அப்படியே செத்துக் கிடக்கிறார்கள். ஃபிரான்சிஸ்கோ சொலானோ லோபஸ் அதைத் தெளிவான, நாளிதழ்த் தொடருக்கு ஏற்ற கோடுகளில் வரைந்தார். பெரும் வெற்றி.

1969இல் அதே கதையை ஒஸ்தர்ஹெல்ட் மாற்றி எழுத, அல்பெர்த்தோ ப்ரெச்சியா வேறு ஒரு வாரப் பத்திரிகைக்காக வரைந்தார். இந்த முறை வல்லரசுகளே தென் அமெரிக்காவை வேற்றுக்கிரகப் படையெடுப்பாளர்களிடம் கைகழுவி விட்டுவிடுகின்றன. ப்ரெச்சியாவின் பக்கங்களில் முகங்கள் பாதி கறுப்பில் மூழ்கியிருக்கும், வேற்றுயிர்கள் உருவமே இல்லாத கறைகளாகவும் அழுக்குப் படலங்களாகவும் வரும். முதல் வடிவத்தில் எதிரி எப்படி இருப்பான் என்று சிறுவன்கூட வரைந்து காட்டிவிடலாம். இரண்டாவதில் முடியாது, பயம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். பத்திரிகைக்கு அந்த ஓவியமும் அரசியலும் ஜீரணிக்கவில்லை, கதையை அவசரமாகச் சுருட்டி முடிக்க வைத்தார்கள். ஒஸ்தர்ஹெல்ட் 1977இல் ராணுவ ஆட்சியால் கடத்தப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டார். அவருடைய நான்கு மகள்களுக்கும் அதே கதிதான். அதைத் தெரிந்துகொண்டு ப்ரெச்சியாவின் கறைகளைப் பார்க்கும்போது, எதிரிக்கு முகம் வரையாமல் விட்டதைப் பாணி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை.

காலத்தை இழுத்து வளைப்பதில் ஒஸாமு தெசுகாவை மிஞ்ச ஆளில்லை. அவருடைய 'ஹி நோ தோரி', அதாவது நெருப்புப் பறவை, வரிசையில் எதிர்காலத்தைப் பற்றிய பகுதி 1960களின் கடைசியில் வந்தது. 3404ஆம் ஆண்டு. பூமியில் மிஞ்சியிருக்கும் நிலத்தடி நகரங்களைக் கணினிகள் ஆள்கின்றன; கணினிகளுக்குள் தகராறு வந்து எல்லாம் வெடித்து முடிகிறது. மசாதோ என்ற இளைஞனுக்கு மட்டும் சாவு இல்லை. யாரோ ஒருவர் 5000 வருடம் கழித்து விழிக்கும்படி உறைநிலையில் இருக்கிறார் என்று தெரிந்து, மசாதோ அந்தப் பேழைக்கு வெளியே காத்திருக்கிறான். 5000 வருடம். திறக்கிறான், உள்ளே தூசி. அதற்குப் பிறகும் கதை நிற்கவில்லை. கடலில் உயிரின் மூலப்பொருள்களைக் கரைத்துவிட்டுக் கோடிக்கணக்கான வருடம் பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்த முறை அறிவு பெற்று எழுவது ஓடில்லாத நத்தை இனம். நத்தைகள் நகரம் கட்டுகின்றன, நத்தைகள் சண்டை போடுகின்றன, நத்தைகளும் அழிகின்றன. சொல்லும்போது சிரிப்பு வருகிறது இல்லையா? தெசுகா வரைந்திருப்பதும் குழந்தைகள் கதைக்கு வரைகிற அதே உருண்டை உருண்டைக் கோட்டில்தான். அந்த உருண்டைக் கோட்டில் ஒரு இனம் மொத்தமும் செத்துப்போவதைப் பார்க்கும்போது தொண்டை அடைக்கிறது.

இன்னும் இருவரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹருகோ இச்சிகாவா 2012 முதல் 2024 வரை செய்த 'ஹோசெகி நோ குனி'யில் பாத்திரங்கள் எல்லாம் ரத்தினக் கற்கள். நாயகக் கல்லின் கடினத்தன்மை வெறும் மூன்றரை, தட்டினால் உடையும். உடைந்துபோன பாகத்தோடு அதில் இருந்த நினைவும் போய்விடும்; வேறு பொருளால் காலும் கையும் பொருத்தப் பொருத்த ஆளே மாறிக்கொண்டு போகிறது. என்கி பிலாலின் 'நிகோபோல்' மூன்று நூல்கள்: 2023இல் பாரிஸ் நகரத்துக்கு மேலே ஒரு பிரமிடு மிதக்கிறது, எகிப்தியக் கடவுள்கள் எரிபொருள் கேட்டுப் பேரம் பேசுகிறார்கள். நாயகனுக்கு உடைந்துபோன காலுக்குப் பதில் மெட்ரோ தண்டவாளத் துண்டில் ஒரு கால். 1992இல் வந்த மூன்றாம் நூலில் சதுரங்கமும் குத்துச்சண்டையும் கலந்த ஒரு விளையாட்டு வருகிறது. அதைப் படித்த ஒரு டச்சுக் கலைஞர் 2003இல் நிஜமாகவே போட்டி நடத்திவிட்டார். இன்றைக்கும் விளையாடுகிறார்கள்.

சரி, விசித்திரமாக இருப்பதெல்லாம் நல்லதா என்றால், இல்லவே இல்லை. குழப்பத்தையே சரக்காக விற்கிறவை நிறைய. நான் ஒன்று செய்து பார்ப்பேன்: முப்பது பக்கம் வாசித்த பிறகு, அந்த உலகத்தில் எது நடக்காது என்று என்னால் சொல்ல முடிகிறதா? 'ப்ளேம்!' கதையில் கட்டட இயந்திரம் மனம் இரங்காது என்று தெரியும். உர்பிகாந்தின் சட்டகம் யாரையும் காயப்படுத்தாது என்று தெரியும். எதுவும் நடக்கலாம் என்கிற கதையில் எது நடந்தாலும் எனக்கு அக்கறை வருவதில்லை. மோபியஸ் எழுத்துப் பிரதி எதுவும் இல்லாமல், மாதாமாதம் சில பக்கங்களாக மனம்போன போக்கில் வரைந்த 'காற்றுப்புகாத காரேஜ்' இந்தச் சோதனையில் தோற்றுவிடும், ஆனாலும் எனக்குப் பிடிக்கும்; ஆக, சோதனையையும் ரொம்ப நம்பிவிட வேண்டாம். இன்னொரு குறை: எழுபதுகளின் பிரெஞ்சுப் பக்கங்களில் பெண்கள் பல இடங்களில் ஆடை இல்லாத அலங்காரப் பொருளாகவே நிற்கிறார்கள். எத்தனை புதுமை பேசினாலும் அந்த விஷயத்தில் அவர்கள் கற்பனை பக்கத்துத் தெருவைக்கூடத் தாண்டவில்லை.

உங்களுக்கு யோசனை என்றால், 'ப்ளேம்!' முதல் தொகுதியை மறுபடி எடுங்கள், ஆனால் வசனத்தைத் தேடி ஓடாதீர்கள். வசனத்துக்காகப் பக்கம் திருப்பினால் அந்தத் தொகுதி அரைமணி நேரத்தில் முடிந்துவிடும், கையில் ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொரு பெரிய படத்திலும் கில்லி எங்கே நிற்கிறான் என்று கண்டுபிடித்த பிறகே அடுத்த பக்கத்துக்குப் போங்கள். மங்கா என்பதால் வலமிருந்து இடமாக என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சுடும் காட்சிகளில் எனக்கே இன்னும் சில சமயம் தடுமாறும், பழக்கதோஷத்தில் இடமிருந்து பார்த்துவிட்டால் துளை முதலில் விழுந்து துப்பாக்கி அப்புறம் வெடிக்கும். இணையத்தில் விளக்கம் தேட வேண்டாம், மேலே நான் சொன்னதே அதிகம். பின்னால் ஷீபோ என்ற பெண் விஞ்ஞானி வருவாள். பேசத் தெரிந்தவள், அவள் வந்தபிறகு கொஞ்சம் மூச்சு விடலாம். அதுவரைக்கும் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்றால் அதை வைத்துவிட்டு உர்பிகாந்துக்குப் போங்கள். ரோபிக்கின் மேசையில் முதல் குருத்து எட்டிப் பார்க்கிற கட்டம் வரைக்கும் மட்டும் வாசித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.